விமானம் இறங்காமல் மேலே ஏறினால் கோபப்படாதீர்கள்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் மலேசியாவில் உள்ள எங்கள் ஊரைப் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் குழுவாகத் தமிழகத்துக்குக் கோயில் யாத்திரை போவது இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. நான் விமானச் சிப்பந்தியாக வேலை செய்து, பின்னர் சிப்பந்திகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்து ஓய்வு பெற்றவள். ஆகவே, அவர்கள் புறப்படுவதற்கு முன் ஆலய மண்டபத்தில் சற்று நேரம் பேசும்படி என்னை அழைப்பார்கள். போய்த் திரும்பியவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் குறை ஒன்று உண்டு. “கீழே வந்துருச்சும்மா, வீடெல்லாம் தெரிஞ்சுச்சு, அப்புறம் திடீர்னு மறுபடியும் மேலே தூக்கிட்டான். அந்த விமானிக்கு இறக்கவே தெரியலை.”

அந்த விமானிக்கு இறக்கத் தெரியும். இறக்கக் கூடாத நேரம் எது என்பதும் தெரியும். தரையிறங்கும்போது நிகழ்ந்து, மனிதத் தவறே காரணம் என்று விசாரணையில் முடிவான விபத்துகளைப் படித்துக்கொண்டே போனால், விமானத்தை மேலே எடுத்துவிட வேண்டிய ஒரு கட்டம் அவற்றுள் பலவற்றில் தெளிவாக இருந்ததையும், அந்தக் கட்டத்தைக் கடந்தும் அது கீழே கொண்டுவரப்பட்டதையும் காணலாம். இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் உயரே செல்வதை விமானத் துறையில் ‘கோ அரவுண்ட்’ என்பார்கள். பயணிகள் அஞ்சும் அந்தச் செயல் பெரும்பாலும் அவர்களைக் காக்கவே செய்யப்படுகிறது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1977 செப்டம்பர் 27ஆம் நாள், தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாகக் கோலாலம்பூர் அருகே உள்ள சுபாங் விமான நிலையத்தை நோக்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம், எங்கள் ஊருக்குத் தெற்கே எல்மினா தோட்டத்துக் குன்று ஒன்றில் மோதியது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் உயிரிழந்தனர். அன்று வானிலை மோசமாக இருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத வரையில் 750 அடிக்குக் கீழே வரக் கூடாது என்பது அந்த அணுகுபாதைக்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பு. விமானம் மோதிய இடமோ ஏறக்குறைய 300 அடி உயரத்தில்தான் இருந்தது. ஓடுபாதையைப் பார்க்காமலேயே விமானி வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டார் என்பதே விசாரணையின் முடிவு. அந்தத் தோட்டம் இன்று அடுக்குவீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த நகரமாகிவிட்டதால், அங்கே குடியிருப்பவர்களில் பலருக்கு இந்தச் செய்தி தெரியாது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1983 டிசம்பர் 18 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த மலேசிய விமான நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 விமானம் அதே சுபாங் நிலையத்தை மழையில் அணுகி, ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே தரையில் விழுந்தது. அங்கும் ஓடுபாதையைத் தெளிவாகக் காணாத நிலையில் வரம்புக்குக் கீழே இறங்கியதுதான் நடந்தது. விமானம் அழிந்தபோதும் அதிலிருந்த 247 பேரும் உயிர் தப்பினர்.

மூன்றாவது நிகழ்வு சரக்கு விமானத்துக்கு நேர்ந்தது என்றாலும் அதை விட்டுவிட முடியாது. 1989 பிப்ரவரி 19 அன்று, சுபாங்கை நோக்கி வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் பூச்சோங் அருகே 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதி, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். 2,400 அடிக்கு இறங்கும்படி கூறிய வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அந்த எண்ணை ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று உச்சரித்தார். முதலில் வந்த ‘டூ’ என்பது இரண்டு என்னும் எண் என்று தெரியாமல், ஆங்கிலத்தில் ‘வரை’ எனப் பொருள்படும் ‘டு’ என்று எடுத்துக்கொண்டு, 400 அடிக்கு இறங்கச் சொல்கிறார் என்று விமானிகள் புரிந்துகொண்டனர். ‘நான்கு பூஜ்யம் பூஜ்யம்’ என்று அவர்கள் திருப்பிச் சொன்னபோது அந்தப் பிழை திருத்தப்படவில்லை. தரை நெருங்குகிறது, மேலே ஏறு என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி மீண்டும் மீண்டும் குரல் கொடுத்தும் அவர்கள் ஏறவில்லை. செவி தவறாகக் கேட்டதைக் கருவி சரிசெய்ய முயன்றது. அந்தக் கருவியின் சொல்லும் ஏற்கப்படவில்லை.

ஒரே விமான நிலையத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இம்மூன்றும் நடந்தன. அவர்கள் பயிற்சி பெற்ற விமானிகள். விதியை அறியாதவர்களும் அல்லர், உயிரைப் பொருட்படுத்தாதவர்களும் அல்லர். அப்படியானால் ஏன் இறங்கினார்கள்?

பல மணி நேரம் பறந்து வந்த பின், ஓடுபாதை சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது, எடுத்த காரியத்தை முடித்துவிட வேண்டும் என்ற உந்துதல் மனித மனத்தில் மிக வலிமையாக எழுகிறது. இன்னும் சில விநாடிகளில் மேகம் விலகிவிடும், விளக்கு தெரிந்துவிடும், வேகம் குறைந்துவிடும் என்று மனம் அடுத்தடுத்துச் சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சமாதானமும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அத்தனை விநாடிகளிலும் விமானம் கீழே வந்துகொண்டேயிருக்கும். இவ்வாறு தொடங்கிய திட்டத்திலிருந்து மாற மறுக்கும் மனப்போக்கை உளவியலாளர்கள் நன்கு ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவுக் குறைவால் இது வருவதில்லை. நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும் இது வருகிறது. ‘இதைவிட மோசமான மழையிலும் இறக்கியிருக்கிறேன்’ என்ற நினைவு அவர்களிடம் இருப்பதால் சில வேளைகளில் கூடுதலாகவே வருகிறது.

இந்த மனப்போக்கை எதிர்கொள்ளத்தான் விமானிகளுக்கு ஒரு வாசல் போன்ற வரையறை வகுக்கப்பட்டிருக்கிறது. மேகமூட்டமான வானிலையில் ஓடுபாதைக்கு மேலே 1,000 அடி உயரத்தை அடையும்போது, தெளிந்த வானிலையில் 500 அடியை அடையும்போது, விமானம் எல்லா வகையிலும் நிலைபெற்றிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. சக்கரங்களும் இறக்கை மடல்களும் தரையிறங்குவதற்குரிய நிலையில் இருக்க வேண்டும்; வேகம் குறித்த அளவுக்கு அருகில் இருக்க வேண்டும்; நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேல் இறங்கக் கூடாது; சரிபார்ப்புப் பட்டியல் முழுவதும் முடிந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். அந்த நேரத்தில் மனம் சொல்லும் சமாதானங்களுக்கு இடம் கொடுக்காதிருப்பதற்காகவே முடிவை முன்கூட்டியே எண்களில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் விதி இருந்தும் அது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது? ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்னும் அனைத்துலகப் பாதுகாப்பு அமைப்பு இதை ஆராய்ந்தபோது, விமானம் நிலைபெறாமல் ஓடுபாதையை அணுகும் முயற்சிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே கோ அரவுண்டில் முடிகின்றன என்றும், மற்றவை அப்படியே தரையிறக்கத்துக்குத் தொடர்கின்றன என்றும் தெரியவந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எந்தச் சேதமும் இன்றி முடிந்துவிடுகின்றன என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. விதியை மீறியும் ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம், அடுத்த மீறலுக்குத் துணிவு தருகிறது.

இதனால் என்ன நேரும் என்பதை, நம் மக்களுக்கு அணுக்கமான இரண்டு விபத்துகள் காட்டுகின்றன. 2010 மே 22 அதிகாலையில் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் 166 பேர் இருந்தனர். 158 பேர் இறந்தனர். மங்களூர் விமான நிலையம் குன்றின் உச்சியை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் அமைந்திருப்பதால், ஓடுபாதை முடிந்த சிறிது தூரத்தில் பள்ளம் தொடங்கிவிடும். தலைமை விமானி பயணத்தின்போது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கியிருந்தார். விமானி அறையின் ஒலிப்பதிவில் அவருடைய குறட்டையே பதிவாகியிருந்தது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் தீர்மானிக்கும் திறன் சற்று நேரம் மந்தமாகவே இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். விமானம் இருக்க வேண்டியதைவிட மிக உயரமாக வந்ததைக் கண்டு துணை விமானி கோ அரவுண்ட் செய்யும்படி பலமுறை கூறினார். தலைமை விமானி இறங்கினார். 2,450 மீட்டர் நீள ஓடுபாதையில் ஏறத்தாழ 1,585 மீட்டரைத் தாண்டித்தான் சக்கரங்கள் தரையைத் தொட்டன.

பலரும் அறியாத ஒரு செய்தி அதற்குப் பிறகு இருக்கிறது. அவ்வளவு தூரம் தள்ளி இறங்கிய பிறகும், முழு அழுத்தத்துடன் பிரேக் பிடித்திருந்தால் விமானத்தை நிறுத்தியிருக்க முடியும் என்று விசாரணைக் குழு கருதியது. ஆனால் வேகத்தைக் குறைக்கும் கருவிகளை இயக்கிய பிறகு, விமானி மனத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் மேலெழ முயன்றார். வானத்தில் செய்திருக்க வேண்டிய கோ அரவுண்டைத் தரையில், காலம் கடந்த பின் செய்ய முற்பட்டதில் இரண்டு வாய்ப்புகளும் பறிபோயின.

பத்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவில், கொரோனா காலத்தில் துபாயிலிருந்து மக்களை அழைத்து வந்த அதே நிறுவனத்தின் விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. 190 பேரில், விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். அந்த விமானி முதல் முயற்சியில் முறைப்படி கோ அரவுண்ட் செய்திருந்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கடும் மழை, தலைமை விமானி பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் சரியாக வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை எதிர்த்திசையிலிருந்து, பின்னாலிருந்து காற்று தள்ளும் நிலையில், நனைந்த ஓடுபாதையில் இறங்கினார். 2,700 மீட்டர் ஓடுபாதையின் நடுப்பகுதிக்கு வந்த பிறகே சக்கரம் தொட்டது. துணை விமானி கோ அரவுண்ட் என்று சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறது. மறுநாள் காலை அதே தலைமை விமானிக்கு இன்னொரு பயணம் ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு ஊருக்குத் திருப்பியிருந்தால் அந்தப் பயணம் சிக்கலாகியிருக்கும். இத்தகைய அழுத்தங்களையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது.

இரண்டு விபத்துகளிலும் சரியான முடிவு விமானி அறைக்குள் வாய்விட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் இளையவர், கேட்க வேண்டியவர் மூத்தவர். 2007 மார்ச் 7 அன்று யோக்யகர்த்தாவில் கருடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஓடுபாதையைத் தாண்டி எரிந்து 21 பேர் இறந்தபோதும் இதுவே நடந்தது. இயல்பாக மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட வேண்டிய விமானம் 400 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தொட்டது. எச்சரிக்கைக் கருவி 15 முறை ஒலித்தது. துணை விமானியும் மேலே ஏறச் சொன்னார். ஆனால் தலைமை விமானி கேட்காதபோது கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளும் துணிவோ அதற்குரிய பயிற்சியோ அவருக்கு இருக்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் துரை ஒரு தவறான உத்தரவு போட்டால், கணக்கெழுதும் கிராணி தலையசைப்பார், வேலையை மேற்பார்க்கும் தண்டல் தரையைப் பார்ப்பார், வேலைக்காட்டில் போய் நின்ற பிறகுதான் எல்லாரும் ஒருவருக்கொருவர் உண்மையைப் பேசிக்கொள்வார்கள். தோட்டத்தில் அதனால் அரை நாள் கூலி போகும்; விமானி அறையில் அந்த மௌனத்துக்குக் கிடைக்கும் நேரம் சில விநாடிகள்தான். பெரியவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மரியாதை, நான் நடத்திய கூட்டுப் பயிற்சி வகுப்புகளில் எனக்குப் பெரிய தடையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தலைமை விமானியாக ஒருவரை நடிக்கச் சொல்லி, வேண்டுமென்றே தவறு செய்யச் சொன்னால், இளம் சிப்பந்திகளும் துணை விமானிகளும் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஜாடையாகச் சொல்வார்கள், ‘நிறுத்துங்கள்’ என்ற சொல் கடைசியாகத்தான் வரும்.

உலகம் இந்தப் பாடத்தைக் கற்கத் தொடங்கியதும் ஒரு விபத்தால்தான். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம், சக்கரக் கோளாறு ஒன்றை ஆராய்ந்தபடி வானில் சுற்றிக்கொண்டே இருந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் அறிந்திருந்தும், தலைமை விமானியின் கவனத்தைத் திருப்பும் அளவுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை. மறு ஆண்டு நாசா ஒரு பயிலரங்கை நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனமே விமானி அறையில் எல்லாருடைய அறிவையும் பயன்படுத்தும் பயிற்சியைத் தொடங்கியது. ‘சிஆர்எம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பயிற்சி இன்று விமானிகளுக்கும் சிப்பந்திகளுக்கும் கட்டாயம். பல நிறுவனங்களில் இரு விமானிகளில் யார் கோ அரவுண்ட் என்று சொன்னாலும் அதை உடனே செய்தாக வேண்டும். காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதற்காக விமானி தண்டிக்கப்படவும் மாட்டார்.

விசாரணைகளின் நோக்கம் யார் மீதும் பழி சுமத்துவதன்று, அடுத்த விபத்தைத் தடுப்பதே என்று அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பின் விதி கூறுகிறது. ஆகவே மனிதத் தவறு என்ற முடிவோடு நல்ல விசாரணை நின்றுவிடாது. தூக்கம், பணிநேர அட்டவணை, கருவியின் அமைப்பு, பயிற்சி என்று பின்னோக்கிச் செல்லும். 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சிறிய தனியார் ஜெட் விமானம், அதே எல்மினாவில் நெடுஞ்சாலையருகே விழுந்து, விமானத்தில் இருந்த எட்டுப் பேரோடு சாலையில் சென்ற இருவரும் பலியானபோது, காணொளிகளைப் பார்த்து வதந்தி பரப்பியவர்கள் நம் ஊரிலும் பலர் இருந்தனர். தரையில் மட்டுமே விரிக்க வேண்டிய தடுப்பு மடல்கள், இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்பின்போது வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டதைப் பின்னர் விசாரணை கண்டறிந்தது. ஒரு கை தவறான நேரத்தில் ஒரு விசையை இயக்கும் அளவுக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

விமானிமீது அழுத்தம் செலுத்துபவர்களில் பயணிகளும் உண்டு. மென்மையாக இறக்குபவரே கெட்டிக்காரர் என்று நம்மவர்கள் கைதட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இந்நாட்டில் பிற்பகல் இடிமழை எப்படிக் கொட்டும் என்பது பால்மரம் சீவியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி நனைந்த ஓடுபாதையில் மெல்ல இறக்கப் பார்த்தால், விமானம் பல நூறு மீட்டர் மிதந்துகொண்டே போகும். நிறுத்துவதற்கான தூரம் குறையும். சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் நீர்ப்படலம் நின்று பிரேக்கின் பிடிப்பும் தளரும். எனவே மழையில் சற்று அழுத்தமாக, உரிய இடத்தில் சக்கரத்தைத் தரையில் பதிப்பதே முறை. முதுகில் அதிர்வு உணரும்படி இறங்கினால் விமானிக்கு அனுபவம் போதாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கோ அரவுண்ட் நடக்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் அச்சம் பாதியாகக் குறையும். இயந்திரங்கள் திடீரென உறுமும், விமானத்தின் முன்பகுதி நிமிரும், உடல் இருக்கையில் அழுந்தும், சக்கரங்கள் உள்ளே போகும் ஓசை காலடியில் கேட்கும். அதற்குப் பிறகு சில நிமிடங்களுக்கு அறிவிப்பு எதுவும் வராது. அதைத்தான் பலர் ஆபத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் விமானத்தைப் பறக்கவைத்து, பிறகு பாதையைச் சீர்செய்து, அதற்குப் பின்னரே பேச வேண்டும் என்பது விமானிகளின் ஒழுங்கு. அந்த நேரத்தில் அவர்களுக்கு வேலை மிகுதி. சிப்பந்திகளும் இருக்கையில் கட்டுண்டு அமர்ந்திருப்பார்கள். அழைப்பு மணியை அழுத்தினாலும் எழுந்து வர மாட்டார்கள். எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. இன்னொரு விமான நிலையத்துக்குச் செல்லவும், அதற்கு மேல் ஏறத்தாழ அரை மணி நேரம் பறக்கவும் போதுமான எரிபொருளோடுதான் புறப்பட வேண்டும் என்பது ஜெட் விமானங்களுக்கான விதி.

கோ அரவுண்ட் ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குச் சென்ற எமிரேட்ஸ் போயிங் 777 விமானத்தின் விபத்து அப்படித்தான் நேர்ந்தது. விமானம் மிதந்து நீண்ட தூரம் சென்றதால் விமானி மேலே ஏற முடிவு செய்தார். ஆனால் அதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டிருந்தன. தரையைத் தொட்டுவிட்டால் இயந்திர வேகத்தைத் தானாக உயர்த்தும் விசை வேலை செய்யாதபடி அந்த விமானம் அமைக்கப்பட்டிருந்தது. கையால் உயர்த்தியிருக்க வேண்டும். வேகம் உயராததை உரிய நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை. சக்கரங்களை உள்ளிழுத்த விமானம் வயிற்றோடு ஓடுபாதையில் விழுந்தது. சரியான முடிவையும் முறையாகச் செயல்படுத்தப் பயிற்சி வேண்டும் என்பதால், விமானி அறையைப் போலவே அமைந்த பாவனைக் கூடத்தில் இந்த நிலையை அடிக்கடி பழக்குகிறார்கள்.

அந்த விமானத்தில் இருந்த 300 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார். சில நிமிடங்களில் எரிபொருள் தொட்டி வெடித்தது. அதற்கு முன் பயணிகள் மேலே இருந்த பைகளைத் தேடி எடுக்கும் காட்சி கைப்பேசியில் பதிவாகி உலகமெங்கும் பரவியது. நம் மொழிகளைப் பேசும் மக்கள் நிறைந்த விமானம் அது என்பதால் எனக்குக் கூடுதல் வருத்தம். பாதி வாசல்கள் மட்டும் திறந்திருக்கும் நிலையில் 90 விநாடிகளுக்குள் எல்லாரும் வெளியேற முடிகிறதா என்று சோதித்த பிறகே பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதி தரப்படுகிறது. ஒருவர் பையை இழுக்க நடைபாதையில் நின்றால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களின் விநாடிகளும் சேர்ந்து போகின்றன. 2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில் வேறொரு விமானத்துடன் மோதி எரிந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில், எட்டு வாசல்களில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தும், 379 பேரும் வெளியேறினார்கள். பைகளை விட்டுவிட்டு வந்தது அதற்கு முக்கியக் காரணம். 1977இல் எல்மினாவில் மோதிய விமானத்துக்கு உரிய அதே நிறுவனம்தான் இதுவும்.

இருக்கை வார்ப்பட்டையைப் பற்றி ஒரு சொல். 2013 ஜூலை 6 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஆசியானா விமானம் வேகம் குறைந்து கடலோரத் தடுப்புச் சுவரில் மோதியபோது, 307 பேரில் மூவர் இறந்தனர். அவர்களில் இருவர் வார்ப்பட்டை அணியாமல் இருந்ததால் விமானத்திலிருந்து வெளியே வீசப்பட்டனர். சேலை கட்டிய பாட்டிமார்கள் பட்டையை வயிற்றின் மேல் தளர்வாக விட்டுக்கொள்வதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இடுப்பெலும்பின் மீது, தொடை தொடங்கும் இடத்தில் அது இறுக்கமாகப் படிய வேண்டும். விமானம் முழுவதும் நின்று, விளக்கு அணையும் வரையில் அவிழ்க்கக் கூடாது. இறங்கும் வேளையில் செருப்பைக் கழற்றி வைக்காமல் காலில் மாட்டியிருங்கள். உங்கள் இருக்கைக்கும் முன்னும் பின்னும் உள்ள வாசல்களுக்கும் இடையில் எத்தனை வரிசைகள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது. கையால் இருக்கைகளைத் தொட்டு எண்ணித்தான் போக வேண்டியிருக்கும்.

பையை விட்டுவரச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் உடனே கேட்பது, கடப்பிதழும் மருந்தும் அதில்தானே இருக்கின்றன என்பதுதான். நியாயமான கேள்வி. கடப்பிதழ், அடையாள அட்டை, இரண்டு நாளுக்கான நீரிழிவு மாத்திரை, கொஞ்சம் வெள்ளி ஆகியவற்றை ஒரு சிறிய துணிப்பையில் போட்டு, வீட்டிலிருந்து புறப்படும்போதே இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்கள் அதற்கான மருத்துவர் கடிதத்தின் நகலையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.